உங்கள் பையிலிருக்கும் பவுண்டு: நாணய மதிப்புக் குறைப்பு என்றால் என்ன?

1967 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை மாலை. பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் பேசினார். முந்தைய நாள் இரவுதான் அவருடைய அரசு பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராக இறக்கியிருந்தது. வெளிநாட்டுப் பணத்தோடு ஒப்பிட்டால் பவுண்டு 14 சதவீதம் போலக் குறைந்திருக்கிறது, அதற்காக உங்கள் பையிலோ பர்ஸிலோ வங்கியிலோ இருக்கும் பவுண்டு குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை என்று தேற்றினார். அந்த வாக்கியம் கடைசிவரை அவரை விடவில்லை. விலைவாசி ஏறும்போதெல்லாம் எதிர்க்கட்சிக்காரர்கள் அதை எடுத்து அவர் மேலேயே வீசினார்கள்.

அவர் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை. உண்மையா என்றால் அதுவும் முழுதாக இல்லை. நாணய மதிப்புக் குறைப்பு என்ற விஷயமே அப்படித்தான். அரைகுறையாகப் பேசினால் எந்தப் பக்கமும் சரியாகத் தெரியும். "நாணயம் இறங்கினால் நாட்டின் மானம் போயிற்று" என்பதில் தொடங்கி "இறங்கினால்தான் ஏற்றுமதி பெருகும்" என்பது வரை டீக்கடையில் எல்லாமே கேட்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் கதையை வைத்துக்கொண்டு இதைப் பொறுமையாகப் பார்ப்போம். இந்த விஷயத்தில் அவர்கள் பட்ட அளவுக்குப் பட்டவர்கள் குறைவு.

முதலில் வார்த்தைக் குழப்பம்

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 2016இல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அதற்குப் ‘பணமதிப்பிழப்பு’ என்று பெயர் விழுந்துவிட்டது. அன்று செல்லாமல் போனது குறிப்பிட்ட நோட்டுகள்தான். டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கை யாரும் தொடவில்லை.

விலைவாசி ஏறி, அதே பணத்துக்குக் கடையில் குறைவான சாமான் கிடைப்பது பணவீக்கம். அதுவும் வேறு.

நாம் பேசப்போகும் மதிப்புக் குறைப்பு என்பது இதுதான்: தன் நாணயத்துக்கு வெளிநாட்டு நாணயத்தில் ஒரு விலை வைத்து, "இதுதான் விலை, மாறாது" என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்த அரசு, ஒருநாள் தானே அந்த விலையைக் குறைத்து அறிவிப்பது. அரசு அறிவிக்காமல் சந்தையில் தானாக இறங்கினால் அதை மதிப்புச் சரிவு என்போம். இன்று செய்தியில் ‘ரூபாய் வீழ்ச்சி’ என்று படிப்பதெல்லாம் பெரும்பாலும் சரிவுதான்.

(பிரிட்டிஷ்காரர்களும் இப்படிக் குழம்பியவர்கள்தான். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்று இருந்ததை 1971 பிப்ரவரி 15 முதல் 100 பென்ஸ் ஆக்கினார்கள். பவுண்டு அதே பவுண்டு, சில்லறைதான் மாறியது. ஆனாலும் விலைவாசி ஏறியதற்கு அந்தச் சில்லறையைத் திட்டியவர்கள் ஏராளம்.)

மண்டிக்காரரின் பலகை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய் மண்டி என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஒரு பலகை: "எவ்வளவு காய் கொண்டுவந்தாலும், என்றைக்குக் கொண்டுவந்தாலும், காய்க்கு 28 ரூபாய்." விவசாயிகளுக்கு நிம்மதி. மண்டிக்கும் நல்ல பெயர்.

சந்தையில் தேங்காய்க்குக் கிராக்கி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வாங்க ஆள் குறைந்தால் என்ன ஆகும்? பலகையில் எழுதியபடி மிச்சக் காயையெல்லாம் மண்டிக்காரரே வாங்கியாக வேண்டும். பணம் அவருடைய கல்லாவிலிருந்துதான் வரவேண்டும். ஆக, அந்தப் பலகையின் பலம் அதில் எழுதிய எண்ணில் இல்லை. கல்லாவில் இருக்கும் ரொக்கத்தில் இருக்கிறது.

இதில் தேங்காய்க்குப் பதில் பவுண்டு என்று போடுங்கள். மண்டி, பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து. கல்லாவில் இருப்பது டாலரும் தங்கமும். இதற்கு அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்று பெயர். பலகையில் எழுதியிருந்த விலைக்கு நிலையான மாற்று விகிதம் என்று பெயர். 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் கூடி, இப்படி ஆளுக்கொரு பலகை மாட்டிக்கொள்வது என்று பல நாடுகள் ஒப்புக்கொண்டன. பிரிட்டனின் பலகையில் எழுதியிருந்தது ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர்.

இனி வதந்திக்கு வருவோம். "திங்கட்கிழமை 28ஐ 24 ஆக்கப் போகிறாராம்" என்று ஒரு பேச்சு கிளம்புகிறது. விவசாயி என்ன செய்வார்? வீட்டில் இருக்கும் கடைசிக் காய்வரை இன்றைக்கே கொண்டுவந்து கொட்டுவார். கெட்டிக்காரர் ஒருவர் பக்கத்துத் தோப்பில் ஆயிரம் காய் கடன் வாங்கி இன்று 28க்கு விற்பார். திங்கட்கிழமை 24க்கு வாங்கித் திருப்பிக் கொடுப்பார். வதந்தி பொய்த்தால் அவருக்கு நஷ்டம் வண்டிக்கூலி மட்டும். பலித்தால் காய்க்கு 4 ரூபாய் லாபம். ஊக வணிகர்கள் பவுண்டை வைத்துச் செய்தது இதையேதான். இதில் வேடிக்கை, எல்லாரும் கொண்டுவந்து கொட்டுவதாலேயே கல்லா காலியாகி, வதந்தி நிஜமாகிவிடும்.

அதனால் மண்டிக்காரர் பலகையை மாற்ற முடிவெடுத்த பிறகும், மாற்றும் நிமிடம்வரை "மாற்றவே மாட்டேன்" என்று சொல்லித்தான் ஆகவேண்டும். 1949இல் நிதியமைச்சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் பலமுறை மறுத்துவிட்டுப் பிறகு அதையே செய்தார். ஒழுக்கத்துக்குப் பெயர்போன மனிதர் அவர். அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சர்ச்சில் அவரைச் சும்மா விடவில்லை.

இதுவரை பார்த்தது: மாற்று விகிதம் ஒரு வாக்குறுதி. அதைக் காப்பாற்றுவது கையிருப்பு. கையிருப்பின் மேல் சந்தேகம் வந்தால் வாக்குறுதியின் மேலும் சந்தேகம் வரும்.

கல்லா ஏன் காலியாக இருந்தது?

போரில் பிரிட்டன் வென்றது, ஆனால் கடனாளியாக. வெளிநாடுகளில் இருந்த சொத்துகளில் பெரும் பகுதியை விற்றாகிவிட்டது. தொழிற்சாலைகள் ஆயுதம் செய்யப் போனதால் ஏற்றுமதி போருக்கு முந்தைய அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா தன் போர்க்கால உதவியைச் சட்டென்று நிறுத்தியது.

நமக்குத் தொடர்புள்ள கடன் ஒன்றும் இதில் இருந்தது. போர்க் காலத்தில் இந்தியாவிடம் துணி, தானியம், படைச் செலவு என்று வாங்கியதற்கெல்லாம் பிரிட்டன் கையில் காசு தரவில்லை. மளிகைக் கடை நோட்டில் எழுதுவதுபோல லண்டனில் ஒரு கணக்கில் பவுண்டாக எழுதி வைத்தது. இதற்கு ஸ்டெர்லிங் இருப்பு என்று பெயர். இந்தியாவின் பேரில் மட்டும் நூறு கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்திருந்தது. எகிப்து முதலிய நாடுகளும் இதே வரிசையில் நின்றன. எல்லாரும் ஒரே நாளில் "எங்கள் பவுண்டை டாலராக மாற்றிக் கொடு" என்று கேட்டால்?

ஏறக்குறைய அதுதான் நடந்தது. 1945 டிசம்பரில் அமெரிக்கா 375 கோடி டாலர் கடன் கொடுத்தபோது, பவுண்டை யார் கொண்டுவந்தாலும் தடையில்லாமல் டாலராக மாற்றித் தரவேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஸ்டெர்லிங் இருப்புகளை முடிந்தவரை பூட்டி வைத்துவிட்டு, 1947 ஜூலை 15 அன்று கதவைத் திறந்தார்கள். அப்படியும் டாலர் ஓடிய வேகத்தில் ஐந்தே வாரத்தில் சாத்த வேண்டியதாயிற்று. போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, 1946 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகள் ரேஷனில் வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். அந்த அமெரிக்கக் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள்.

1949 செப்டம்பர் 18 அன்று பலகையை மாற்றினார்கள்: 4.03 டாலர் 2.80 ஆனது. இந்தியாவும் இலங்கையும் கூடவே இறங்கின, பாகிஸ்தான் மறுத்துவிட்டது. அதனால் பழைய கணக்கில் சமமாக இருந்த இரண்டு ரூபாய்களில், 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றாகி, அன்று பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்கத்தின் சணல் கல்கத்தா ஆலைகளுக்கு வருவதே தடைப்பட்டது. லண்டனில் ஓர் எண் மாறினால் ஹூக்ளிக் கரையில் தறி நிற்கும் காலம் அது.

பலகையைக் காப்பாற்ற நாடு கொடுத்த விலை

2.80 என்ற எண் 18 ஆண்டுகள் நின்றது. அதைக் காப்பாற்றிய கதை எல்லாரும் பேசுவதில்லை. எனக்கு மதிப்புக் குறைப்பைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஐம்பதுகளில் பிரிட்டிஷ் மக்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கியது. கார், டிவி, வாஷிங் மெஷின் எல்லாம் தவணையில் வந்தன. மக்கள் அதிகம் வாங்கினால் இறக்குமதி கூடும். உள்ளூரிலேயே சரக்கு விற்றுத் தீர்ந்தால் ஏற்றுமதிக்கு மிச்சம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்துக்கும் வெளிநாட்டுக்குப் போகும் செலவுக்கும் உள்ள வரவு செலவை நடப்புக் கணக்கு என்பார்கள். அதில் பற்றாக்குறை விழுந்ததும் கல்லாவிலிருந்து டாலர் வெளியேறும்.

உடனே அரசு பிரேக் போடும். வட்டியை ஏற்றும், தவணையில் வாங்க முன்பணம் அதிகம் கட்டச் சொல்லும், வரியைக் கூட்டும். மக்கள் வாங்குவது குறையும், கணக்கு நேராகும், ஆனால் தொழிற்சாலையில் வேலையும் குறையும். தேர்தல் நெருங்கும்போது பிரேக்கை விடுவார்கள். மறுபடி அதே சுற்று. இதற்கு ஆங்கிலத்தில் ஸ்டாப்-கோ என்று பெயர். நம் டவுன் பஸ் போல நின்று நின்று ஓடுவது. இப்படி ஓடும் வண்டியை நம்பி எந்த முதலாளி பெரிய இயந்திரம் வாங்கிப் போடுவார்? ஜெர்மனியும் ஜப்பானும் தொழிலில் முன்னே போனதற்குக் காரணம் பல உண்டு. இந்த நின்று ஓடும் பழக்கமும் அதில் ஒன்று.

1964 அக்டோபரில் வில்சன் ஆட்சிக்கு வந்தபோது பற்றாக்குறை சுமார் 80 கோடி பவுண்டு என்று கணக்குச் சொன்னார்கள். அன்றே இறக்கியிருக்கலாம், பழியும் போன ஆட்சியின் மேல் போயிருக்கும். வில்சன் மறுத்துவிட்டார். 1949இல் இறக்கியதும் அவருடைய தொழிற்கட்சிதான்; "பவுண்டை இறக்கும் கட்சி" என்று பெயர் நிலைத்துவிடும் என்ற பயம். லண்டனில் பவுண்டாகச் சேமித்து வைத்திருந்த நாடுகளை ஏமாற்றுவதாகும் என்ற எண்ணமும் இருந்தது. அதனால் மூன்று ஆண்டுகள் முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். 1966 ஜூலையில் சம்பள உயர்வையே ஆறு மாதம் நிறுத்தினார்கள். வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர் ஆண்டுக்கு 50 பவுண்டு மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்றார்கள். எவ்வளவு எடுத்தார் என்பதை பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் வங்கியில் எழுதிக் கொடுப்பார்கள்.

சுருக்கமாக: எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. வேலையாகவும் சம்பளமாகவும் தவணையாகவும் அதைச் சாதாரண மக்கள்தான் கட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை

1967 ஜூனில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டு சூயஸ் கால்வாய் மூடிக்கொண்டது. இலையுதிர் காலத்தில் லண்டனிலும் லிவர்பூலிலும் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, ஏற்றுமதிச் சரக்கு கரையிலேயே கிடந்தது. நவம்பர் 16, வியாழக்கிழமை, மதிப்பைக் குறைக்க அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. அன்றே நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகனிடம் ஓர் உறுப்பினர், பவுண்டைக் காப்பாற்ற வெளிநாட்டுக் கடன் வாங்கப்போவதாக வந்த பேச்சைப் பற்றிக் கேட்டார். காலகன் உறுதியாக மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நாசூக்கான பதில்தான். ஆனால் சந்தைக்கு அது போதும். மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க உலகமே பவுண்டைக் கொண்டுவந்து கொட்டியது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2.80 விலைக்கே எல்லாவற்றையும் வாங்கியது. 24க்குப் போகப்போகும் காயைத் தெரிந்தே 28க்கு வாங்கிய மண்டிக்காரர் கதை. சந்தை மூடியிருக்கும் சனிக்கிழமை இரவு அறிவிப்பு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் காலகன் நிதித்துறையை விட்டு விலகினார்.

விலை இறங்கினால் என்ன நடக்கும்?

600 பவுண்டு விலையுள்ள பிரிட்டிஷ் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் அமெரிக்கருக்கு அது 1,680 டாலர். புதிய கணக்கில் 1,440. தொழிற்சாலையில் ஒரு ஆணிகூட மாறவில்லை, கார் மலிவாகிவிட்டது. மறுபக்கம், 2,800 டாலர் விலையுள்ள அமெரிக்க இயந்திரம் பிரிட்டிஷ்காரருக்கு 1,000 பவுண்டாக இருந்தது. இப்போது 1,167 பவுண்டு. பவுண்டு இறங்கியது 14 சதவீதம், இறக்குமதி ஏறுவதோ ஏறக்குறைய 17 சதவீதம். கணக்கில் தவறில்லை. 28இல் 4 போவதற்கும் 24இல் 4 சேர்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்படியானால் மறுநாளே ஏற்றுமதி பெருகியிருக்க வேண்டுமே? இல்லை. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்ட இறக்குமதிக்கு அதிகப் பவுண்டு கொடுத்தாக வேண்டும். புதிய வாடிக்கையாளர் கிடைக்க மாதங்கள் ஆகும். அதனால் நிலைமை முதலில் மோசமாகி, பிறகுதான் தேறும். வரைபடத்தில் போட்டால் ஆங்கில ‘ஜே’ எழுத்துப் போல முதலில் கீழிறங்கிப் பிறகு மேலேறும். பிரிட்டனில் 1968 முழுவதும் பற்றாக்குறைதான். 1969இல்தான் உபரி வந்தது.

அதுவும் தானாக வரவில்லை. தொழிற்சாலை உள்ளூருக்கே முழு நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் ஏற்றுமதிக்கு ஏது சரக்கு? உள்ளூர் நுகர்வைக் குறைத்தால்தான் உண்டு. புதிய நிதியமைச்சர் ராய் ஜென்கின்ஸ் 1968 மார்ச்சில் 92.3 கோடி பவுண்டுக்குப் புதிய வரி போட்டார். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் திரும்ப வந்தது. மலேசியா, சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து 1971 முடிவுக்குள் படையை விலக்கிக்கொள்வதாகவும் அறிவித்தார்கள். விலையைக் குறைத்தால் போதும், வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

(அந்த நேரத்தில் சர்பிட்டன் என்ற ஊரில் ஐந்து பெண் அலுவலர்கள் நாட்டுக்காகத் தினமும் அரை மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை செய்வதாக அறிவிக்க, அது நாடு தழுவிய இயக்கமாகிவிட்டது. பிரிட்டனை ஆதரிப்போம் என்ற வாசகத்தோடு டி-ஷர்ட் விற்றார்கள். சில டி-ஷர்ட்டுகள் போர்ச்சுகலில் தைத்தவை என்று பிறகு தெரிந்தது.)

சரி, யாருடைய பை?

இப்போது வில்சனின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். திங்கட்கிழமை காலை லண்டன் கடையில் ஒரு பவுண்டு கொடுத்தால் சனிக்கிழமை கிடைத்த அதே சாமான்தான் கிடைத்தது. அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனால் பிரிட்டன் அன்று தன் உணவில் ஏறக்குறைய பாதியை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. கோதுமையும் எண்ணெயும் விலை ஏற ஏற, பையிலிருந்த பவுண்டும் மெல்ல இளைத்தது.

இன்னொரு பை பினாங்கில் இருந்தது. மலேசியா 1967 ஜூனில் புதிய வெள்ளியை (அங்கே டாலரைத் தமிழர்கள் இப்படித்தான் சொல்வார்கள்) வெளியிட்டிருந்தது. பவுண்டோடு கட்டிவைக்கப்பட்ட காலனிக் காலத்துப் பழைய வெள்ளியும் கூடவே சம மதிப்பில் புழங்கியது. பவுண்டு இறங்கியதும் பழைய வெள்ளியும் இறங்கியது, புதியது இறங்கவில்லை. ஒரே இரவில் பழைய ஒரு வெள்ளி 85 காசாகிவிட்டது. வங்கிப் பக்கம் போகாமல் வீட்டில் ரொக்கமாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு இது நேரடி அடி. நவம்பர் 24 அன்று பினாங்கில் கடையடைப்பு நடந்தது, கலவரமாக மாறியது, ஊரடங்கு போட்டார்கள், உயிர்களும் போயின. பையிலிருக்கும் பணத்தின் மதிப்பு குறையவில்லை என்று அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இலங்கை தேயிலைக்குப் பெரிய சந்தை பிரிட்டன். அதனால் இலங்கையும் அந்த வாரமே தன் ரூபாயை 20 சதவீதம் இறக்கியது, டாலர் 4.76 ரூபாயிலிருந்து 5.95 ஆயிற்று. இந்தியா முந்தைய ஆண்டு ஜூனில்தான் டாலரை 4.76இலிருந்து 7.50 ஆக்கியிருந்ததால் இந்த முறை அசையவில்லை. பவுண்டு 21 ரூபாயிலிருந்து 18 ரூபாய் ஆனது.

பலகையைக் கழற்றிய பிறகு

1970 ஜூன் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு மே மாத வர்த்தகக் கணக்கு வெளியானது: 3.1 கோடி பவுண்டு பற்றாக்குறை. அதில் ஒரு பெரிய பங்கு அமெரிக்காவிலிருந்து வாங்கிய இரண்டு ஜம்போ ஜெட் விமானங்களின் விலை. வில்சன் தோற்றார். தோல்விக்கு அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் இரண்டு விமானத்தின் பில் தேர்தல் செய்தியாகும் அளவுக்கு அந்த நாடு நடப்புக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

1971 ஆகஸ்டில் அமெரிக்காவே டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்திவிட, எல்லாருடைய பலகைகளும் ஆட ஆரம்பித்தன. 1972 ஜூன் 23 அன்று பிரிட்டன் தன் பலகையைக் கழற்றிவிட்டது. அதிலிருந்து பவுண்டின் விலையைச் சந்தையே அன்றாடம் சொன்னது. இனி மதிப்புக் குறைப்பு என்று நாள் குறித்து நடக்காது. சரிவு மட்டும் நடக்கும். 1976 மார்ச்சில் பவுண்டு முதல்முறையாக 2 டாலருக்குக் கீழே போனது. அந்த ஆண்டு சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றபோது பிரதமராக இருந்தவர் அதே காலகன். அதாவது, பலகை இல்லாவிட்டாலும் கல்லா பிரச்சினை தீரவில்லை. முன்பு ஒரு சனிக்கிழமை இரவு மொத்தமாக வந்தது இப்போது தினம் கொஞ்சமாக வந்தது.

பாஸ்போர்ட் பின்பக்கத்தில் பயணப் பணக் கணக்கு எழுதும் வழக்கம் மட்டும் 1979 அக்டோபர் வரை இருந்தது. அந்த மாதம் தாட்சர் அரசின் நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை மொத்தமாக நீக்கினார். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.